முகம் பார்க்காத பார்ட்னர்

என் பார்ட்னருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "யாரைக் கேட்டுண்டு எழுதினேள்?" என்று போன் வரும். கேட்டிருந்தால் தாராளமாகச் சரி என்று சொல்லியிருப்பாள், அது வேறு விஷயம். கேட்காமல், "அவளுக்கு இதில் ஆட்சேபணை இருக்காது" என்று நானாக நினைத்துக்கொள்வதுதான் அவளுக்கு ஆகவே ஆகாது. நேரில் அவளிடம் "நீங்க" என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் "அவள்" என்று வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

பார்ட்னர் என்றால் சீட்டாட்டப் பார்ட்னர். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கிளப்பில் நாங்கள் பிரிட்ஜ் ஆடினோம். பிரிட்ஜில் நாலு பேர், எதிரெதிரே உட்காரும் இரண்டு பேர் ஒரு கட்சி. ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. ஆட்டம் ஆரம்பிக்கும் முன் ஏலம் நடக்கும். "ஒரு ஸ்பேடு", "ரெண்டு ஹார்ட்", "பாஸ்" என்று கேட்கிற அந்த ஏலத்தின் வழியாகத்தான் என் கையில் என்ன இருக்கிறது என்று எதிரே இருப்பவருக்கு நான் சொல்ல முடியும். எந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று பார்ட்னர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். அதற்கு சிஸ்டம் என்று பேர். பேசி வைத்ததை எதிராளி கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அது தவிர முகத்தைச் சுளிப்பது, பெருமூச்சு விடுவது, உச்சுக்கொட்டுவது எதுவும் கூடாது. தப்பித்தவறி பார்ட்னர் முகத்தில் ஏதாவது தெரிந்துவிட்டால், பார்த்தவர் பார்க்காத மாதிரி ஆட வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எந்தக் கிளப்பிலும் அதை மதிக்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். என் பார்ட்னர் அதை மதித்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு எதையும் மதித்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் பல் டாக்டர். பாலக்கரையில் வீடு, புத்தூரில் கிளினிக். என் பிழைப்பே முகம் பார்ப்பதுதான். வாயை 'ஆ'வென்று திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவர் "வலிக்குது டாக்டர்" என்று எப்படிச் சொல்வார்? புருவம் நெளிந்தால் ட்ரில்லை நிறுத்துவேன். அப்படிப்பட்ட எனக்குப் போய் இவள் வாய்த்தாள்.

பிடித்துப்போய் ஒன்றும் சேரவில்லை. கிளப்பில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர். ஆண்களில் யாரும் எங்களோடு ஜோடி சேரத் தயாராக இல்லை. தலையெழுத்தே என்று இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். குரல் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. முதல் வாரமே சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் என்னை உட்காரவைத்து சிஸ்டம் பேச ஆரம்பித்தாள்.

"நீங்க பாஸ் சொன்னா என்ன அர்த்தம்?"

"பாஸ்னா பாஸ்தாங்க. கையில ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

"ஒண்ணுமே இல்லையா, இல்ல சொல்ற அளவுக்கு இல்லையா? ரெண்டும் வேற."

காபி ஆறிப்போயிற்று. அடுத்து, ஏலத்தை எதிராளி ஜெயித்துவிட்டால் நாங்கள் எப்படித் தடுத்து ஆடுவது என்று பேச்சு வந்தது. "நான் ஒரு சீட்டை எறக்கறேன். அதே ரகத்துல நீங்க பெரிய சீட்டாப் போட்டா, 'இதையே மறுபடி எறக்கு'ன்னு அர்த்தம். சின்னதாப் போட்டா, 'இது வேண்டாம், வேற பாரு'. சரியா?"

"சரிங்க."

"திருப்பிச் சொல்லுங்கோ."

ஐம்பது வயசுக்கு மேல் ஹோட்டலில் உட்கார்ந்து ஒன்றாங்கிளாஸ் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னேன். பக்கத்து டேபிள்காரர் தோசையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ரயில்வேயில் அப்படித்தானாம். அடுத்த ஸ்டேஷன்காரர் லைன் க்ளியர், அதாவது பாதை காலி, என்று வாயால் சொல்லி, இவள் திருப்பிச் சொன்னால்தான் வண்டி நகரும். "அவர் குரலைக் கேட்டா குடுத்துடுவார் போலருந்துதுன்னு வண்டியை அனுப்ப முடியுமா, பார்ட்னர்?" என்பாள். அனுப்ப முடியாதுதான். அதற்காகக் காபியிலுமா?

கிளப்பில் ஒரு ரிட்டயர்ட் என்ஜினீயர் இருந்தார். நல்ல மனுஷர், ஆனால் ஆட்டத்தில் கை சுத்தம் போதாது. சீட்டை ஓங்கி அடித்தால் அவர் பார்ட்னருக்கு ஒரு சேதி, மெதுவாக வைத்தால் வேறு சேதி. நடுவில் இருமல் வேறு. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். ஒருநாள் அவர் இருமினதும் என் பார்ட்னர் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். "சார், இந்த இருமல் உங்க சிஸ்டத்துல எந்த இடத்துல வரது? நீங்க சிஸ்டம் எழுதி எங்ககிட்ட குடுத்த கார்டுல போடலையே" என்றாள். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டாள். மனுஷர் முகம் சிவந்துபோய், "இது ஜலதோஷம்மா" என்றார். "அப்படியா, நொச்சி போட்டு ஆவி பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சீட்டுகளை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எங்கள் டேபிளில் அவர் இருமினதே இல்லை.

இதெல்லாம் எதிராளிக்கு என்றால் வேடிக்கை. எனக்கே வந்தபோது வயிறு எரிந்தது. ஊர்ப் போட்டியில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு, லேடீஸ் என்று சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள். எதிராளி ஒரு ஸ்பேடு என்று ஆரம்பித்தார். என் கையில் சுமாராகச் சீட்டு இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு பாஸ் என்றேன். அடுத்தவர் இரண்டு ஸ்பேடு என்றார். இப்போது என் பார்ட்னர் முறை. அவள் கையில் அருமையான ஹார்ட் வரிசை. "மூணு ஹார்ட்" என்று சொல்லியிருந்தால் கோப்பை வீட்டுக்கு வந்திருக்கும். நிதானமாக பாஸ் என்றாள். தோற்றோம்.

படியிறங்கும்போதே பிடித்துக்கொண்டேன். "நான் அவ்வளவு நேரம் யோசிச்சேனே, என் கையில ஏதோ இருக்குன்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணித்து. அதனாலதான் பாஸ்."

"என்னது?"

"நீங்க யோசிக்காம பாஸ் சொல்லியிருந்தா, நான் துணிஞ்சு மூணு ஹார்ட் கேட்டிருப்பேனோ என்னவோ. யோசிச்சுட்டேள். உங்க கையில சீட்டு இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க ஏலத்துல சொல்லித் தெரியல, முகத்தைப் பாத்துத் தெரிஞ்சுது. அதை வெச்சுண்டு ஜெயிச்சா அது திருட்டு."

ஆட்டோவில் ஏறி வீடு போய்ச் சேரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர், "யாரும்மா உங்களை ஏமாத்திட்டாங்க?" என்று கேட்டார். "ஏமாத்தத் தெரியாத ஒருத்திகிட்ட மாட்டிக்கிட்டேன்" என்றேன்.

அவள் வீடு ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில். வீட்டுக்காரர் ஒரு காலேஜில் லைப்ரரியனாக இருந்தவர். கடவுளின் திருவிளையாடலைப் பாருங்கள்: வாழ்க்கை முழுக்கச் சத்தமில்லாமல் விரலாலும் புருவத்தாலும் பேசியே சம்பளம் வாங்கின மனுஷர் அவர். சாப்பிடும்போது உப்பு குறைந்தால் முகம் ஒரு பக்கமாகப் போகும். ஃபேன் வேண்டுமானால் கண் மேலே போகும். அவள் எதிரே உட்கார்ந்துகொண்டு அசையாமல் இருப்பாள். "என்ன வேணும், வாயால சொல்லுங்கோ." அவர் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரிப்பார். "பாருங்கோ டாக்டர், கட்டின பொண்டாட்டிகிட்ட தினம் அப்ளிகேஷன் போட்டுண்டிருக்கேன். இன்னும் சாங்ஷன் ஆகல" என்பார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். எழுந்து போய் உப்பைக் கொண்டுவருவாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வது என்பதே கிடையாது. வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லையே. சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. என் வீட்டில் ஒருத்தர் கதவைச் சாத்துகிற சத்தத்தில் மற்றவர் மூன்று நாள் சண்டையைப் படித்துக்கொள்வோம். அங்கே போனால் எனக்குக் காற்றோட்டமாக இருக்கும். புனேயில் வேலையாக இருந்த அவர்கள் மகன்கூட அம்மாவுக்கு வாட்ஸப்பில் கட்டைவிரல் படம் போடமாட்டான். ஒருதடவை நான் போட்டுவிட்டேன். உடனே போன். "விரல் வந்துருக்கு. வரேளா, வரலையா?"

என் தம்பி இறந்துபோன வாரம் மட்டும் எனக்கு அது காற்றோட்டமாக இல்லை. காரியமெல்லாம் முடிந்து, வீட்டில் உட்கார முடியாமல் கிளப்புக்குப் போனேன். முகம் வீங்கியிருந்தது. அவள் பார்த்தாள், சீட்டைப் பிரித்தாள், ஆடினாள். ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் நான் வெடித்தேன். "என் மூஞ்சியைப் பாத்தா உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா? நீங்க மனுஷிதானா?"

"தெரிஞ்சுது" என்றாள். "சொல்லணும்னு நினைச்சா சொல்வேள்னு காத்துண்டிருந்தேன். இப்ப சொல்லுங்கோ."

சொன்னேன். எதிர் நாற்காலியிலிருந்து எழுந்து என் பக்கத்து நாற்காலிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்கும்வரை விடவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் மேல் கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தேதான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அவள் வீட்டுக்காரருக்கு இருமல் நாள்பட இருந்தது. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற வியாதி என்றார்கள். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து மூச்சு முட்டி, புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியுவில் சேர்த்தார்கள். வாய் வழியாகக் குழாய் இறக்கி மெஷினில் போட்டார்கள். பேச்சு நின்றுபோயிற்று.

ஆஸ்பத்திரி என் கிளினிக்குக்கு எதிர்ச்சாரி. மத்தியானம் கிளினிக்கைச் சாத்திவிட்டு நேரே அங்கே போவேன். வெளிக்கூடத்தில் முசிறி, லால்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பாயும் ஃப்ளாஸ்க்குமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவில் முதுகை நிமிர்த்திக்கொண்டு இவள். கையில் பர்ஸ், காலடியில் தண்ணீர் பாட்டில், வண்டிக்காக பிளாட்பாரத்தில் காத்திருக்கிறவள் போல.

அவருக்கு நடுநடுவே நினைவு தெளிவாக இருக்கும். வந்த இரண்டாம் நாளே அவள் அவரோடு ஒரு சிஸ்டம் பேசி வைத்துவிட்டாள். "கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தேள்னா ஆமா. ரெண்டு தடவைன்னா இல்லை. புரிஞ்சுதா?" அவர் ஒரு தடவை மூடித் திறந்தார். அத்தோடு விட்டாளா? ஒவ்வொரு ஷிஃப்ட் நர்ஸிடமும் போய், "எங்களுக்குள்ள இப்படிப் பேசி வெச்சுண்டிருக்கோம், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்" என்று விளக்கினாள். நர்ஸ் பெண்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவர்களும் அதையே பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

"தாகமா இருக்கா?" ஒன்று. "வலிக்கறதா?" இரண்டு. "தலையணையை ஒசத்தட்டுமா?" ஒன்று.

நான் உள்ளே போனபோதெல்லாம் பார்த்தேன். அந்தக் கேள்விகளுக்கு நடுவில் அவர் கண் கதவுக்குப் போகும், அவளிடம் வரும், மறுபடி கதவுக்குப் போகும். தெருவில் போகிற குழந்தையைக் கூட்டிவந்து காட்டினால்கூடச் சொல்லும், இந்த மனுஷன் வீட்டுக்குப் போகணும் என்கிறார் என்று. ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து, ஸ்ரீரங்கத்திலேயே கடைசி மூச்சு விட வேண்டும் என்று நினைக்கிற குடும்பம். காவிரிக்கு இந்தப் பக்கம், இந்தக் குழாயோடு போக அவருக்கு மனசில்லை. அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "வெளிச்சம் கூசறதா?" என்று கேட்டாள். இரண்டு.

டாக்டர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், நீங்களும் டாக்டர், உங்களுக்குப் புரியும்" என்று ஆரம்பித்து, கையை விரித்தார். நுரையீரலில் இனி ஒன்றும் மிச்சமில்லை, மெஷின்தான் மூச்சு விடுகிறது, எத்தனை நாள் வைத்திருந்தாலும் இந்தக் கட்டிலிலிருந்து அவர் எழுந்து போகப்போவதில்லை என்றார்.

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்க கேக்கவே மாட்டேங்கறாங்க மேடம். 'இன்னிக்கு எப்படி இருக்கார்'னு மட்டும் கேக்கறாங்க. அப்படியேதான் இருக்கார், பாப்போம்னு சொல்றேன். என் மூஞ்சியைப் பாத்தாலே புரியணும் இல்லையா?"

கூடத்துக்கு வந்தேன். அவள், "டாக்டர் பாப்போம்னு சொன்னார், பார்ட்னர். அப்ப பாக்கறதுக்கு இன்னும் ஏதோ இருக்கு" என்றாள். உலகத்தில் எந்த அர்த்தத்துக்கும் இரண்டு தடவை கேள்வி கேட்கிறவள், அந்த ஒரு "பாப்போம்" என்பதை மட்டும் கேள்வி கேட்காமல் மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது.

"அவரைக் கேளுங்க" என்றேன். "தலையணையையும் வெளிச்சத்தையும் கேக்கறீங்கல்ல? வீட்டுக்குப் போகணுமான்னு ஒரு வார்த்தை கேளுங்க. உங்க சிஸ்டம்தானே? அவரே சொல்லட்டும்."

அவள் பாட்டில் மூடியைத் திருகினாள், திறந்தாள், திருகினாள்.

"கேட்டா பதில் சொல்லிடுவார், பார்ட்னர்" என்றாள். "சொல்லிட்டார்னா அதுப்படி நடக்கணும்."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கையை விரிப்பதையும், அவர் கண் கதவுக்குப் போவதையும், நான் கூடத்துக்கு வரும்போது என் முகம் இருந்த லட்சணத்தையும். வாயால் யாரும் சொல்லாதவரை அது எதையும் பயன்படுத்தக் கூடாது. இத்தனை வருஷம் அவளைக் கட்டிப்போட்டு, கோப்பையைக்கூட இழக்கவைத்த அந்தச் சட்டம், இப்போது அவருக்கு ஒவ்வொரு நாளாக உயிர்ப்பிச்சை போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் தொங்கினாள். பிச்சை வாங்குகிறவர் அங்கே உள்ளே மெஷினில் திணறிக்கொண்டிருந்தார் என்பதுதான் கொடுமை.

மகன் புனேயிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவருடைய தம்பியும் ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் பெருமாள் தீர்த்தம் கொண்டுவருவார். மறுநாள் மத்தியானம் எல்லோரும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தோம். தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மன்னி, நம்ம கையில என்ன இருக்கு? பெருமாள் விட்ட வழி."

"எந்த வழி?" என்றாள். "சொல்லுங்கோ."

அவர் சொல்லவில்லை. மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நீயே புரிஞ்சுக்கோயேன், ப்ளீஸ்" என்றான் மகன்.

"என்ன புரிஞ்சுக்கணும்? நீ சொல்லு."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. தம்பி என்னைப் பார்த்தார். மகனும் திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கா விதித்தது என்று இருந்தது. பெற்ற பிள்ளை, கூடப்பிறந்தவன், வைத்தியம் பார்க்கிற டாக்டர், எல்லோரும் முகத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, சீட்டாட வந்தவள் சொல்ல வேண்டும்.

சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்காமல், மெஷின் மாதிரி சொன்னேன். "அவருக்கு இனிமே குணமாகாதுங்க. நுரையீரல் போயிடுச்சு. குழாயை எடுத்தா ரொம்ப நேரம் இருக்கமாட்டார். எடுக்காட்டி இங்கேயே இப்படியே கஷ்டப்பட்டுட்டுப் போவார். டாக்டர் எங்கிட்ட சொன்னது இதுதான். நீங்க முடிவு பண்ணணும்."

கூடத்தில் யாரோ ஃப்ளாஸ்க்கைத் தட்டிவிட்டார்கள், அது உருண்டு போயிற்று. அவள் அழவில்லை. எழுந்து நின்றாள்.

"இத்தனை நாளா எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுண்டு என் முன்னாடி வந்து வந்து நின்னேள். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைச்சேளா? மூஞ்சியைப் பாத்துட்டு, சரி, எங்காத்துக்காரர் மூச்சை நிறுத்திடுங்கோன்னு போய்ச் சொல்லுவேனா நான்? நாளைக்கு ஒருத்தர், நாங்க அப்படிச் சொல்லலையே மன்னின்னா, நான் எங்க போய் முட்டிக்கறது?" குரல் உடைந்தது. ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல். முசிறிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒருத்தர்தான் சொன்னேள்" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, சாபம் என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நேரே டாக்டர் அறைக்குப் போனாள். கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். இவள் திருப்பிச் சொன்னாள், ஒவ்வொன்றாக, அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்ட. "தலையாட்டாதீங்கோ டாக்டர், சொல்லுங்கோ." சொன்னார்.

ஐசியு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தம்பி குறுக்கே வந்தார். "அண்ணாகிட்ட போய் இதெல்லாம் சொல்லிடாதீங்கோ மன்னி. பாவம், மனசு விட்டுப்போயிடும். நாமளே அழைச்சுண்டு போயிடலாம்."

"எல்லாருக்கும் தெரிஞ்சது அவருக்கு மட்டும் தெரியக் கூடாதா? போறது அவரு."

வழக்கமாக ஒருத்தரைத்தான் விடுவார்கள். டாக்டரே மகனையும் என்னையும் கூட அனுப்பினார். அவர் விழித்துத்தான் இருந்தார். அவளைப் பார்த்ததும் கண் கதவுக்குப் போயிற்று. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவர் முகத்துக்கு நேரே முகம் வைத்து உட்கார்ந்தாள். தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அவள் அவரைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கேளுங்கோ" என்றாள். "இனிமே உங்களுக்குக் குணமாகாதாம். டாக்டர் இப்பத்தான் சொன்னார். ஆனா இப்பத்தான் எனக்குத் தெரியும்னா அது பொய். நேக்கு முன்னாடியே தெரியும். நீங்க வாசலைப் பாக்கறதும் தெரியும். கேக்கறதுக்கு தைரியம் இல்லாம இருந்தேன். இந்தக் குழாயோட இங்க இருக்கலாம், இன்னும் கொஞ்ச நாள் ஓடும். இல்லேன்னா எடுத்துட்டு ஆத்துக்குப் போலாம். ஆத்துக்குப் போனா ரொம்ப நாழி இருக்கமாட்டேள். நான் பக்கத்துல இருப்பேன். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

மகன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஆத்துக்குப் போலாமா?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

அவள் நகரவில்லை. இன்னும் முன்னால் குனிந்தாள். இன்னொரு தடவை மூடுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி, வேண்டிக்கொள்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவளை வதைத்தவளே நான்தான். அந்த நிமிஷத்தில் அவர் இன்னொரு தடவை மூடிவிடமாட்டாரா என்றுதான் எனக்கும் இருந்தது. மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்தபடியே, மூடாமல், அவளுக்காகத் திறந்தே வைத்திருந்தார். ஓரத்தில் நீர் கோத்து காதுப்பக்கம் வழிந்தது. அப்போதும் மூடவில்லை.

அவள் அவரிடமிருந்து பார்வையை எடுக்காமலே என்னைக் கேட்டாள்.

"ஒண்ணுதானே, பார்ட்னர்?"

தலையாட்டப்போனேன். நிறுத்திக்கொண்டேன்.

"ஒண்ணுதாங்க" என்றேன்.